மீன்பிடிப் படகுகளுக்கான ஜி.பி.எஸ். கருவித் தேர்வு

மீன்பிடிப் படகுகளுக்கான ஜி.பி.எஸ். கருவி என்பது, செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கொண்டு கடலில் படகு நிற்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாகக் காட்டும் கருவியாகும். சென்னையில் இராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களிலிருந்து கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளிலும் பைபர் படகுகளிலும் இது இன்று வலைக்கு அடுத்தபடியான தொழிற்கருவியாக உள்ளது. கையடக்கக் கருவி முதல் ஆழமானியும் கடல் வரைபடமும் இணைந்த பெரிய திரைக் கருவி வரை பல வகைகள் விற்பனையில் உள்ளன.

விலை உயர்ந்த கருவி எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றும் என்று கருதிவிட முடியாது. கடலுக்குச் செல்பவருக்கு மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: நாம் எங்கே இருக்கிறோம்? படகுக்குக் கீழே என்ன இருக்கிறது? நாம் இருக்கும் இடம் கரையில் உள்ளவர்களுக்குத் தெரியுமா? ஜி.பி.எஸ். முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும். மற்ற இரண்டுக்கும் வேறு கருவிகள் தேவை.

கருவிகள் வருவதற்கு முன்

கரையில் தெரியும் இரண்டு பொருட்களை ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்ப்பதும், வேறு திசையில் அதேபோல் இன்னொரு கோட்டைப் பிடிப்பதும் பழைய முறை. இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே படகின் இடம். கோயில் கோபுரம், கலங்கரை விளக்கம், அனல்மின் நிலையப் புகைபோக்கி, குன்று ஆகியவை அடையாளங்களாகப் பயன்பட்டன. இரவில் விண்மீன்களும், நாள் முழுவதும் காற்றும் நீரோட்டமும் திசை சொல்லின.

இம்முறைக்குப் புவியின் வளைவு ஓர் எல்லை வகுக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்குத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 100 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியின் உச்சி, வானம் தெளிவாக இருந்தால், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வரை அவருக்குத் தெரியும். அதைத் தாண்டினாலோ, மழையோ பனிமூட்டமோ இருந்தாலோ கரை மறைந்துவிடும். அங்கிருந்துதான் ஜி.பி.எஸ். கருவியின் தேவை தொடங்குகிறது.

செயல்படும் விதம்

ஜி.பி.எஸ். அமெரிக்காவின் அமைப்பு. இதன் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அனுப்புகிறது. சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைகூட 300 மீட்டர் பிழையாகும். கருவிக்குள் இருக்கும் சாதாரணக் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதுவரை சுமார் 100 மீட்டர் வரை இருந்த பிழை அதன்பின் பத்து, இருபது மீட்டருக்குள் அடங்கியது. இந்திய விண்வெளி ஆய்வு மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் அமைப்பு திருத்தத் தகவல்களை அனுப்பி இத்துல்லியத்தை மேலும் கூட்டுகிறது.

ஒன்றை இங்கே தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். கருவி வானொலிப் பெட்டியைப் போலக் கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. படகு இருக்கும் இடம் படகில் உள்ளவருக்குத் தெரியுமே தவிர, செயற்கைக்கோளுக்கோ கடலோரக் காவல்படைக்கோ தெரியாது.

கருவி வகைகள்

கையடக்கக் கருவி: பேட்டரியில் இயங்குவது; சட்டைப்பையில் வைக்கலாம். எண்ணூர்க் குப்பங்களிலிருந்து விடியலில் போய் அன்றே திரும்பும் பைபர் படகுக்கு இதுவே பெரும்பாலும் போதும். நீர் புகாத் தன்மையைப் பார்த்து வாங்க வேண்டும். ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறியீடு, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. தண்ணீரில் மிதக்கும் மாதிரிகளும் உண்டு. கை தவறிக் கடலில் விழுந்தால், நீர் புகாத கருவியும் மிதக்காவிட்டால் போனது போனதுதான்.

நிலையான வரைபடக் கருவி: ஓட்டுநர் அறையில் பொருத்தப்பட்டு, படகின் 12 அல்லது 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவது. திரையில் கடல் வரைபடம், வந்த பாதை, குறித்து வைத்த புள்ளிகள் ஆகியவை தெரியும்.

ஆழமானியுடன் இணைந்த கருவி: படகின் அடியில் பொருத்திய உணரி ஒலி அலைகளைக் கீழே அனுப்பி எதிரொலியைப் பெறுகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. எதிரொலி பத்தில் ஒரு நொடியில் திரும்பினால் ஆழம் 75 மீட்டர். மீன் கூட்டமும் தரையின் தன்மையும் இதில் தெரியும். ஜப்பானின் புருனோ நிறுவனம் 1948-இல் உலகின் முதல் வணிகமுறை மீன்காட்டியை வெளியிட்டது. 200 கிலோஹெர்ட்ஸ் அலை, ஆழம் குறைந்த இடத்தில் நுணுக்கமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் அலை அதிக ஆழம் வரை செல்லும். இரண்டும் உள்ள கருவியே பல இடங்களிலும் தொழில் செய்யும் படகுக்கு ஏற்றது.

கைபேசி: கைபேசியின் ஜி.பி.எஸ். கோபுரச் சமிக்ஞை இல்லாமலும் இயங்கும். ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கியிருக்க வேண்டும். உப்புநீர், வெயிலில் மங்கும் திரை, விரைவில் தீரும் பேட்டரி ஆகியவை இதன் குறைகள். காருக்கும் மிதிவண்டிக்கும் விற்கப்படும் இடங்காட்டிகள் சாலை வரைபடத்தை வைத்து இயங்குபவை. அவற்றில் ஆழமோ மூழ்கிய பாறைகளோ இருக்காது என்பதால், விலை அதிகமானாலும் அவை கடலுக்குப் பொருந்தா.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஜி.பி.எஸ்ஸுடன் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, இந்தியாவின் நாவிக் ஆகியவற்றில் எவற்றைக் கருவி ஏற்கிறது என்பது விலையைக் கூட்டும் அம்சங்களில் ஒன்று. கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில் இது பெரிதும் உதவும். நாற்புறமும் வானம் திறந்திருக்கும் கடலில் இதனால் கிடைக்கும் கூடுதல் பயன் குறைவு.

நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. இந்தியாவையும் எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் வரையிலான பகுதியையும் கருதி இது வடிவமைக்கப்பட்டது. தொடக்ககாலச் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டுமே ஒலிபரப்பின. சாதாரணக் கருவிகள் ஏற்கும் எல்1 அலைவரிசை 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 முதல்தான் சேர்க்கப்பட்டது. அதனால் பழைய கருவியில் நாவிக் கிடைக்காது. இக்குடும்பத்தின் சில செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரம் பழுதானதால், நாவிக்குடன் ஜி.பி.எஸ்ஸையும் சேர்த்து ஏற்கும் கருவியே நல்லது.

திரையின் அளவைவிட அதன் வெளிச்சம் முக்கியம். நண்பகல் வெயிலில் எண்கள் தெரிகின்றனவா என்று கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஈரக் கையால் இயக்குவதற்குத் தொடுதிரையைவிடப் பொத்தான்கள் வசதியானவை. ஆழத்தைப் பாகக் கணக்கில் காட்டும் அமைப்பும் பல கருவிகளில் உண்டு. ஒரு பாகம் 1.83 மீட்டர்.

வெளிநாட்டிலிருந்து கருவி வாங்கி வருவோர் ஒரு சட்ட விதியை அறிந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை உரிய அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பதோ பயன்படுத்துவதோ குற்றமாகும். இரிடியம், துராயா தொலைபேசிகளுக்கும், ஜி.பி.எஸ். கருவிக்குள்ளேயே இரிடியம் செய்தி வசதி சேர்ந்து வரும் உயர்விலை மாதிரிகளுக்கும் இது பொருந்தும்.

எண்களைப் படிப்பதில் நேரும் பிழை

காசிமேட்டுத் துறைமுகம் ஏறத்தாழ வடக்கு 13 பாகை 7 கலையில் உள்ளது. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

பெரும்பாலான கடற்கருவிகள் கலையைத் தசமத்தில் காட்டுகின்றன. 13° 07.50′ என்று திரையில் தெரிந்தால் அது 7 கலை 30 விகலையே; 7 கலை 50 விகலை அன்று. ஒருவர் தசமத்தில் சொன்ன எண்ணை மற்றவர் விகலையாகக் குறித்துக்கொண்டால் 20 விகலை, அதாவது 600 மீட்டருக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். மூழ்கிய கப்பல் கிடக்கும் இடத்தை ஒதுக்கி வலை விடுபவருக்கு இந்த வேறுபாடு ஒரு வலையையே இழக்கச் செய்யும். ஆபத்தில் உள்ள படகைத் தேடுவோருக்கோ தேடும் இடமே மாறிவிடும்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் மூலம் அறிந்து, மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளைத் தமிழிலும் அறிவிக்கிறது. இறங்குதளத்திலிருந்து திசை, தொலைவு, ஆழம் ஆகியவற்றுடன் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதில் இருக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படும் நாளில் செல்லக்கூடாத கடற்பகுதியும் அறிவிக்கப்படுகிறது. இவற்றைப் பயன்படுத்த, கருவியின் அமைப்பும் அறிவிப்பின் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: கரைக்குத் தெரியுமா?

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலரின் உயிரைப் பறித்தது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்குப் புயல் எச்சரிக்கை சென்று சேரவில்லை. 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து சென்ற விசைப்படகு ஒன்று பழுதாகி அலைக்கழிந்தது. அதிலிருந்தவர்கள் பல வாரங்களுக்குப் பின் மியான்மர் கடற்பகுதியில் மீட்கப்பட்டனர். இத்தகைய நிலையில், தாம் இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. அதைக் கரைக்குச் சொல்ல வழி வேண்டும்.

கரையிலிருந்து சில கடல்மைல் தாண்டியதும் கைபேசி பயன்படாது. அடுத்த நிலை வி.எச்.எப். வானொலி. உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கான இதன் 16-ஆம் தடம் 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ளது. இதன் எல்லை ஆண்டெனாவின் உயரத்தைப் பொறுத்தது. அதற்கும் அப்பால் செல்வோருக்குச் செயற்கைக்கோள் வழி ஒன்றே உதவும்.

இந்திய விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. தீ, படகு மூழ்குதல், மருத்துவ உதவி போன்றவற்றுக்கு உரிய பொத்தானை அழுத்தினால் படகின் இடத்துடன் செய்தி செல்கிறது. முதல் தலைமுறைக் கருவியில் மறுமொழி வராது. 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்துவிட்டது என்பதைப் படகுக்குத் தெரிவிக்கிறது. உதவி வருகிறது என்று தெரிந்தவர்கள் பதற்றத்தில் படகை விட்டுக் கடலில் குதிக்கமாட்டார்கள் என்பதால் இது சிறிய மேம்பாடு அன்று.

2019-இல் வெளியான ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல், அலை எச்சரிக்கைகளைக் கைபேசிக்குத் தருகிறது; ஆனால் படகிலிருந்து எதையும் அனுப்ப இயலாது. 2024 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஒரு இலட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்தி வசதியுள்ள டிரான்ஸ்பாண்டர்கள் கட்டணமின்றி வழங்கத் திட்டமிடப்பட்டது. எனவே புதிய கருவிக்குப் பணம் ஒதுக்குமுன், தம் படகுக்கு இது கிடைக்குமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

வடசென்னைக் கடலுக்கு இன்னொரு தேவையும் உண்டு. சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி ஆகிய துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்கள் மீன்பிடிப் பகுதி வழியாகவே செல்கின்றன. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அருகே இரண்டு பெரிய கப்பல்களே மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியது. ஏ.ஐ.எஸ். எனப்படும் தானியங்கி அடையாளக் கருவி தன் இடத்தையும் வேகத்தையும் சுற்றியுள்ள கப்பல்களுக்கு அறிவித்து, அவற்றின் நகர்வையும் திரையில் காட்டும். இரவில் இவ்வழியே தொழில் செய்யும் விசைப்படகுக்குப் பெரிய திரையைவிட இது பயனுள்ள செலவு.

படகுக்கேற்ற தேர்வு

அன்றே திரும்பும் பைபர் படகுக்கு: மிதக்கும் கையடக்கக் கருவி, மாற்றுப் பேட்டரிகள், நீர் புகா உறையில் கைபேசி, ஆபத்து அறிவிப்புக் கருவி.

சில நாட்கள் தங்கும் இழுவலைப் படகுக்கு: ஆழமானியுடன் இணைந்த நிலையான கருவி, வி.எச்.எப். வானொலி, டிரான்ஸ்பாண்டர், ஏ.ஐ.எஸ்., மாற்றாக ஒரு கையடக்கக் கருவி.

சூரை மீனுக்காக ஆழ்கடல் செல்லும் படகுக்கு: மேற்கண்டவற்றுடன் எதிரொலியை அதிக ஆழம் வரை பெறும் உணரி. இங்கு இருவழிச் செயற்கைக்கோள் தொடர்பு கட்டாயமாகக் கொள்ளத்தக்கது.

கையிருப்பு குறைவாக இருந்தால், திரையின் அளவைக் குறைத்துத் தொடர்புக் கருவிக்குச் செலவிடுவதே சரியான வரிசை.

பொருத்துதலும் பராமரிப்பும்

ஆண்டெனா வானம் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். கருவிக்குத் தனி ப்யூஸ் தேவை. ஒலிபெருக்கி போன்ற காந்தப் பொருட்களைத் திசைகாட்டியின் அருகே வைக்கக்கூடாது. ஜி.பி.எஸ். இருக்கிறது என்று காந்தத் திசைகாட்டியைக் கழற்றிவிடுவதும் தவறு. படகு நகரும்போது அது செல்லும் திசையை மட்டுமே ஜி.பி.எஸ். காட்டும், நின்ற படகின் முகப்பு எந்தப் பக்கம் உள்ளது என்பதைத் திசைகாட்டிதான் சொல்லும்.

பல ஆண்டுகளாகச் சேர்த்த புள்ளிகள் கருவி பழுதானால் அழிந்துவிடக்கூடும். அவற்றை நினைவட்டையிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதிவைப்பது வழக்கமாக வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கம்பி இணைப்புகளின் உப்பரிப்பை நீக்கவும், உணரியைத் துப்புரவாக்கவும், ஆபத்துப் பொத்தான் எது என்பதைப் படகில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுக்கவும் ஏற்ற காலம். கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. படகு புறப்படும்போது, போகும் திசையையும் திரும்பும் நாளையும் வீட்டில் எழுதிவைத்துச் செல்வதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.