வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் களைப்பு நீங்காதது ஏன்?

"வயிறு சரியாகிவிட்டது, உடம்புதான் தேறவில்லை" என்று வணிக நண்பர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். வீட்டார் இதைச் சோம்பல் என்பார்கள். நாமும் ஒரு டானிக்கை வாங்கிக் குடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம். இது சோம்பல் அல்ல என்பதை நார்வே நாட்டில் ஒரு நகரமே அனுபவித்து அறிந்திருக்கிறது.

2004 ஆம் ஆண்டு பெர்கன் நகருக்குக் குடிநீர் தரும் ஏரியில் கழிவுநீர் கலந்துவிட்டது. அதன் மூலம் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி ஆயிரக்கணக்கானோர் குடலில் புகுந்தது. குளோரின் போட்ட தண்ணீர்தான்; ஆனால் இந்தக் கிருமி கூடு கட்டிக்கொண்டு குளோரினைத் தாங்கிவிடும். பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் சுமார் 1,250 பேர். மருந்து கொடுத்தார்கள், பெரும்பாலோருக்குக் கிருமி போயிற்று. கதை அதோடு முடியவில்லை.

மருத்துவர்கள் அவர்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்தும் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு நாட்பட்ட களைப்பு இருந்தது. இந்நோய் வராத மற்றவர்களில் 12 சதவீதம்தான். பத்து ஆண்டுகளில் களைப்பு 26 சதவீதமாகக் குறைந்தது, மற்றவர்களில் 11. வயிற்று வலியும் ஒழுங்கற்ற மலமும் கொண்ட குடல் எரிச்சல் கோளாறோ பத்தாம் ஆண்டிலும் 43 சதவீதம் பேரை விடவில்லை. குடல் அழற்சி நோயாளிகளுக்கு நாட்பட்ட களைப்பு நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று தைவானில் நடந்த ஆய்வும் 2019 இல் கூறியது.

களைப்பெல்லாம் அந்த நோயாகிவிடாது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வழக்கமான வேலையையே செய்யவிடாமல், தூங்கி எழுந்தாலும் தெளிவில்லாமல் இருந்தால்தான் மருத்துவர்கள் அப்படிச் சந்தேகிக்கிறார்கள். முக்கிய அடையாளம் ஒன்று உண்டு. சரக்கு இறக்கிய அன்று சமாளித்துவிடுவார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுத்துவிடுவார். லாபம் இல்லாத நாளில் முதலை எடுத்துச் செலவழிப்பது போன்றது இது. "நன்றாக நடங்கள், வேர்க்க உழையுங்கள்" என்று இவருக்கு ஊக்கம் கொடுப்பது தீங்காகவே முடியலாம். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்நோய்க்கு அளிக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழு 2021 இல் அறிவித்தது. தாங்கும் அளவுக்குள் வேலையைப் பிரித்துச் செய்வதே நல்லது.

அதற்கு முன், எளிதில் தீரக்கூடிய காரணங்களைப் பார்த்துவிட வேண்டும். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு ஆகியவையும் இதே களைப்பைத் தரும். சர்க்கரைக்கு மெட்பார்மினும் நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோலும் ஆண்டுக்கணக்கில் விழுங்குபவருக்குப் பி12 குறையலாம். நம்மில் இப்படி எத்தனை பேர்! மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் காத்திருக்கக் கூடாது.

கடைப் பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்: கடையில் வைக்கும் குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றியதாக வையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் ஜியார்டியா செத்துவிடும்.