திடீர் செவித்திறன் இழப்பும் மீட்சி முன்கணிப்பும்

திடீர் செவித்திறன் இழப்பு என்பது முன்னறிகுறி ஏதுமின்றி, பெரும்பாலும் ஒரு காதில் மட்டும், கேட்கும் திறன் சட்டென்று குறைந்துவிடும் நிலையாகும். உட்செவியோ செவி நரம்போ பாதிக்கப்படுவதால் இது ஏற்படுகிறது. 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களிலாவது 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் கேள்திறன் குறைந்திருந்தால் மருத்துவர்கள் இப்பெயரால் குறிப்பர். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 5 முதல் 27 பேருக்கு இது வருவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தியாவில் 2024 ஜூன் மாதத்தில் திரைப்படப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்தை விட்டு இறங்கியபோது தமக்குத் திடீரெனக் காது கேட்காமல் போனதாக அறிவித்த பின் பலர் இந்நோயைப் பற்றி அறிந்தனர்.

அடைப்பா, நரம்புப் பாதிப்பா?

காலையில் எழும்போதோ, கைப்பேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றும்போதோதான் பலர் இதை உணர்கின்றனர். 'காது அடைத்திருக்கிறது' என்பதே முதலில் சொல்லும் சொல். காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் தண்ணீர் புகுந்திருக்கும், சளி பிடித்திருக்கும் என்று எண்ணிவிடுவது எளிது. எண்ணெய் விட்டுப் பார்ப்பதிலும் காதைக் குடைவதிலும் நாட்கள் கழிகின்றன.

இரண்டையும் பிரித்தறிய, பள்ளி இயற்பியலில் பயின்ற இசைக்கவையே மருத்துவருக்கு உதவுகிறது. அதிரும் இசைக்கவையை நெற்றி நடுவில் வைத்தால், குறும்பி அடைத்த காதில் ஒலி கூடுதலாகக் கேட்கும். நரம்புப் பாதிப்பு எனில் நல்ல காதின் பக்கமே ஒலி கேட்கும். பின்னர் செவித்திறன் சோதனை செய்து உறுதிப்படுத்துவர்.

மீட்சியைக் காட்டும் கேள்விகள்

சிகிச்சை இல்லாமலே 32 முதல் 65 சதவீதத்தினர் ஓரளவு மீள்வதாகப் பழைய ஆய்வுகள் கூறுகின்றன. இவை கூடுதல் மதிப்பீடாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. யார் மீள்வார் என்பதை முன்கணிக்க, பைல் என்ற அமெரிக்க மருத்துவர் எட்டு ஆண்டுகளில் 225 நோயாளிகளைக் கவனித்து 1984-இல் ஓர் அட்டவணையை முன்வைத்தார். அன்று முதல் இன்று வரை கேட்கப்படும் முதன்மைக் கேள்விகள் நான்கு:

1. எத்தனை நாட்களுக்கு முன் தொடங்கியது? விரைவில் வந்தவர்களிடம் மீட்சி அதிகம்.
2. இழப்பு எவ்வளவு? முற்றிலும் கேளாதவர்களைவிட, மிதமான இழப்புள்ளவர்கள் மீள்வது அதிகம்.
3. தலைச்சுற்றல் உண்டா? இருந்தால் மீட்சி வாய்ப்பு பொதுவாகக் குறைவு.
4. வயது என்ன? முதியவர்களிடம் மீட்சி குறைவு.

இரண்டாம் கேள்விக்கு விடை செவித்திறன் சோதனையில் கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் நோயாளியின் வாய்மொழியே ஆதாரம். ஆகவே கேள்வியின் சொல்லமைப்பு முக்கியம். தமிழில் 'மயக்கம்' என்ற சொல் நினைவு தப்புவதையும் தலை சுற்றுவதையும் சோர்வையும் குறிக்கும். 'மயக்கம் வந்ததா?' என்று கேட்டு எழுதிய விடையை வைத்து முன்கணிப்புச் செய்தால் அது பிழையாகும். 'சுற்றியுள்ள பொருள்கள் சுழல்வதுபோல் இருந்ததா?' என்று கேட்பதே தெளிவானது.

பாதிப்பை அளக்கும் வினாப்பட்டியல்கள்

வேறொரு வகை வினாப்பட்டியல்களும் உள்ளன. முதியோரின் செவிக்குறைபாட்டுக்கு 1982-இலும், தலைச்சுற்றலுக்கு 1990-இலும், காதிரைச்சலுக்கு 1996-இலும் உருவாக்கப்பட்டவை பரவலாகப் பயன்படுகின்றன. மூன்றிலும் 25 கேள்விகள். 'ஆம்' என்றால் 4, 'சில நேரம்' என்றால் 2, 'இல்லை' என்றால் 0. மொத்தம் 100 மதிப்பெண்.

இவை அளப்பது உட்செவியின் நிலையை அன்று, அன்றாட வாழ்வில் நோய் தரும் துன்பத்தையே. மதிப்பெண் மிகுந்திருப்பதனால் மட்டும் மீட்சி இல்லை என்று கொள்ளக் கூடாது. சிறிய இழப்பே ஆனாலும் ஓர் இசைக்கலைஞருக்கோ ஆசிரியருக்கோ பெருந்துன்பமாகலாம். கேள்திறன் மீளாதவருக்குக் காது கேட்கும் கருவியும் ஆலோசனையும் எந்த அளவு தேவை என்பதை அறிய இம்மதிப்பெண் பயன்படும்.

முன்கணிப்பின் எல்லைகள்

ஒரு பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு ஒரு மாணவரின் தேர்வு முடிவைச் சொல்ல இயலாது. முன்கணிப்பு எண்களும் அத்தகையவையே. மேலும், தானாகவே விரைவில் குணமானவர்கள் மருத்துவமனைக்கே வராமல் போகலாம். குணமானபின் வினாப்பட்டியலைத் திருப்பி அனுப்பாதவர்களும் உண்டு. இதனால் கணக்கில் ஒருபுறச் சாய்வு ஏற்படுகிறது. தாமதமாக வந்தவர்களிடம் மீட்சி குறைவாகத் தெரிவதற்கும் இது ஒரு பகுதிக் காரணம்: முதல் வாரத்திலேயே மீண்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஆயினும் மேற்கண்ட நான்கில் வயதையோ இழப்பின் அளவையோ தலைச்சுற்றலையோ நோயாளியால் மாற்ற இயலாது. சிகிச்சைக்கு வரும் நாள் ஒன்றே அவர் கையில் உள்ளது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதல், தொடக்கச் சிகிச்சையாக ஸ்டீராய்டு மருந்தை இரண்டு வாரத்துக்குள் தரலாம் என்கிறது. அதற்குப் போதிய பலன் கிடைக்காதபோது, 2 முதல் 6 வாரத்துக்குள் செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் ஸ்டீராய்டு ஊசி செலுத்தப் பரிந்துரைக்கிறது.

காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனை உள்ளது. 2016 முதல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரியும் இங்கு இயங்குகிறது. புதுச்சேரி ஜிப்மர் சாலை வழியே சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ளது.

மருத்துவரிடம் செல்லும்முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

- கேட்காமல் போன நாளும் நேரமும், எந்தக் காது
- பொருள்கள் சுழல்வது போன்ற உணர்வு, காதிரைச்சல் இருந்தனவா
- அண்மையில் வந்த காய்ச்சல், தலையில் பட்ட அடி, கேட்ட பேரொலி
- சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகள் (ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும்)
- முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் வலுவிழத்தல் உண்டா. இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம் என்பதால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்