கதவைத் தட்டியவன் கள்வனா?

நள்ளிரவிலே கதவு அசைகிறது. காற்றா, கள்வனா? படுக்கையிலே கிடப்பவனுக்குத் தெரியாது. தெரியாதபோது என்ன செய்வது? விளக்கை ஏற்றுவது, "யாரது?" என்று குரல் கொடுப்பது. ஏழையின் குடிசையிலே அதுதான் வழக்கம். மூலையிலே கம்பு சாத்தியிருந்தாலும், முதலிலே எழுவது குரல், பிறகுதான் கம்பு!

கம்பு இருக்கும் இடத்திலே துப்பாக்கி இருந்தால்? அமெரிக்க நாட்டைப் பாருங்கள், தோழர்களே! 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பொதுமக்கள் கையிலே சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன. மக்கள் தொகையைவிட அதிகம்! "என் வீடு என் கோட்டை" என்கிறார்கள். கோட்டைக்குக் காவல் வேண்டாமா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்தக் காவல் யாரைக் காத்தது, யாரைக் கொன்றது என்று நாமும் கேட்கிறோம்.

1992 அக்டோபர் 17. லூசியானா மாநிலத்து பேட்டன் ரூஜ் நகரம். ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயது மாணவன், தான் தங்கியிருந்த வீட்டுப் பிள்ளையோடு மாறுவேட விருந்துக்குப் போகிறான். வீட்டு எண்ணிலே சிறு தடுமாற்றம். வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டார்கள். வீட்டுக்கார அம்மாள் கண்டார், கலங்கினார், கணவரைத் துப்பாக்கி எடுக்கச் சொன்னார். கணவர் எடுத்தார். "ஃப்ரீஸ்!" என்று கத்தினார். அசையாதே என்று அதற்குப் பொருள். அந்தப் பொருள் அந்நிய நாட்டுப் பிள்ளைக்கு விளங்கியதோ இல்லையோ, விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே முன்னே வந்தான். ஒரே குண்டு! மருத்துவமனை போய்ச் சேருமுன் மாண்டான்.

கள்வன் மணியடித்துவிட்டா வருவான்? அந்தக் கேள்வி அந்த வீட்டிலே எழவில்லை. எழ நேரமில்லை, கையிலே துப்பாக்கி இருந்தது!

1993இல் ஜூரிகள், சுட்டவர் குற்றவாளி அல்லர் என்றார்கள். 1994இல் இழப்பீட்டு வழக்கை விசாரித்த நீதிமன்றமோ, சுட்டதற்கு நியாயமில்லை என்று சொல்லி, 6,50,000 டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பெற்றோர் பழி கேட்கவில்லை. வீடுகளிலிருந்து துப்பாக்கியை அகற்றுங்கள் என்று ஜப்பானிலே 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துத் திரட்டி, 1993 நவம்பரிலே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டனைக் கண்டு முறையிட்டார்கள்.

பழைய கதை என்பீர்களா? 2023 ஏப்ரல் 13. மிசௌரி மாநிலத்து கான்சஸ் நகரம். தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுக் கறுப்பின மாணவன், தெருப் பெயர் மாறிப்போய், வேறொரு வீட்டு மணியை அடித்தான். உள்ளே இருந்த 84 வயது முதியவர், கண்ணாடிக் கதவின் ஊடாகவே சுட்டார். தலையிலும் கையிலும் குண்டு பாய்ந்தும் பிள்ளை பிழைத்தான். அவன் செய்த குற்றம் என்ன? மணியை அடித்தது!

நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று அந்நாட்டுக்குப் படிக்கப் போகிறார்கள், பிழைக்கப் போகிறார்கள். அறியாத தெருவிலே வீட்டு எண் தேடுகிறார்கள். ஆகவே இது அயலான் கவலை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

அயலாருக்குத்தான் ஆபத்து, வீட்டாருக்கு இல்லை என்பாரும் உண்டு. அவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கட்டும். ஆஸ்கார் பிஸ்டோரியஸ், இரு செயற்கைக் கால்களோடு 2012 லண்டன் ஒலிம்பிக்கிலே ஓடி உலகை வியக்க வைத்தவர். 2013 பிப்ரவரி 14 விடியற்காலையிலே, பிரிட்டோரியாவிலுள்ள தம் வீட்டில், மூடிய கழிவறைக் கதவின் மீது நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் காதலி ரீவா ஸ்டீன்கேம்ப். திருடன் என்று எண்ணினேன் என்றார். துப்பாக்கி உரிமத்துக்கான தேர்விலே, எப்போது சுடலாம், எப்போது கூடாது என்பதற்குச் சரியான விடை எழுதியவர்தான் அவர்! ஏட்டிலே இருந்த பாடம் இருட்டிலே உதவவில்லை. 2015 டிசம்பரிலே உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலை என்றே தீர்ப்பளித்தது. கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும், சுட்டால் சாகக்கூடும் என்று அறிந்தே சுட்டார் என்றது. திருடனென்று எண்ணினேன் என்ற வாதம் அவரைக் காக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றார்கள் நம் முன்னோர். அச்சம் படம் வரைகிறது, கண் அதை நம்புகிறது, விரல் கீழ்ப்படிகிறது. கணக்கும் அதையே சொல்கிறது. மெம்பிஸ், சியாட்டில், கால்வெஸ்டன் ஆகிய 3 அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து மருத்துவர் ஆர்தர் கெல்லர்மனும் தோழர்களும் 1998இல் முடிவு வெளியிட்டார்கள். வீட்டுத் துப்பாக்கி தற்காப்புக்காக நியாயமாகச் சுடப்பட்டது 1 முறை என்றால், தவறுதலாகச் சுட்டது 4. தாக்குதலும் கொலையும் 7. தற்கொலையும் அதற்கான முயற்சியும் 11. ஒன்றுக்கு எதிரே இருபத்திரண்டு! இதுவா காவல்?

கள்வன் வருவதே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வருகிறான். தன்னையும் தன் குடும்பத்தையும் காத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் உரிமை வேறு, உதறல் வேறு. துப்பாக்கிப் பயிற்சியிலே பேர்பெற்றவர் அமெரிக்கர் ஜெஃப் கூப்பர்; துப்பாக்கிக்குப் பகைவர் அல்லர், பற்றுடையவர். அவர் வகுத்த விதி நான்கு: எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே கருது. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் முனையைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையிலே விரலை வைக்காதே. குறி இன்னதென்றும், அதற்குப் பின்னால் இருப்பது இன்னதென்றும் உறுதியாகத் தெரிந்துகொள். இந்த நான்காவது விதி ஒன்று காக்கப்பட்டிருந்தால், நாம் சொன்ன மூன்று கதவுகளிலும் இரத்தம் சிந்தியிராது!

துப்பாக்கி வைத்திருப்போர் கேட்கட்டும். துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். தோட்டாவை வேறிடத்திலே பூட்டுங்கள். குழந்தையின் கைக்கு எட்ட விடாதீர்கள். இரவிலே ஓசை கேட்டால், முதலிலே வீட்டாரின் தலைகளை எண்ணுங்கள். மகன் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கலாம். மனைவி பின்கட்டுக்குப் போயிருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எல்லோரும் ஓர் அறையிலே கூடித் தாழிட்டுப் போலீசை அழையுங்கள். இருட்டிலே தேடிப் போவது வீரமல்ல, விபரீதம்!

கள்வன் கொண்டுபோன பொருளை, உழைக்கும் கை மீண்டும் ஈட்டிவிடும். குண்டு கொண்டுபோன உயிரை எந்தக் கை ஈட்டும்? ஆகவே, முதலில் விளக்கு எரியட்டும். முதலில் குரல் எழட்டும்! ஆளை அறியாத கைக்குச் சுடும் உரிமை எந்தக் கோட்டையிலும் இல்லை!