வகுபடாத 214 கோடி

2147483647. நம் வழக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. ஒன்றும் தானும் தவிர எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது.

1644-லேயே பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைத் தம் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டார். ஆனால் இதே முறையில் 67 இரண்டுகளையும் 257 இரண்டுகளையும் பெருக்கி ஒன்றைக் கழித்து அவர் சேர்த்த எண்கள் பிற்பாடு பொய்த்துப் போயின. பட்டியலில் இருப்பதாலேயே ஓர் எண் பகா எண் ஆகிவிடாது.

நிரூபித்துக் காட்டியவர் கணித அறிஞர் ஆய்லர். 1772, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலக்கண் பார்வை எப்போதோ போய்விட்டது. இடக்கண்ணையும் புரை மூடிவிட்டது.

இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே 4700-க்கு மேல்! தாளும் பேனாவும் மட்டுமே இருந்த காலத்தில் அது மாதக்கணக்கான வேலை. ஆய்லர் முதலில் வேலையைச் சுருக்கினார்.

சிறிய எண்ணில் பார்த்தால் சூட்சுமம் புரியும். பதினோரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 × 89. இரண்டு காரணிகளையும் 22-ஆல், அதாவது 11-இன் இருமடங்கால், வகுத்துப் பாருங்கள்; மீதி 1. இது தற்செயல் அல்ல. பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை 11, 31 போல ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், காரணிகள் எல்லாவற்றுக்கும் இந்த விதி உண்டு. அப்படியானால் நம் எண்ணுக்குக் காரணி இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கையில் மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். அவற்றில் பகா எண்கள் நூற்றுக்கும் குறைவு. அவற்றில் ஒன்றுகூட இந்த எண்ணை வகுக்கவில்லை. கணிதத்தில் இதைவிட அழகான சிக்கனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இருநூறு ஆண்டுகள் கழித்து இதே எண் கணினிக்குள் வந்தது. ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய 32 பிட்டில் ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போக, மீதி 31-ம் ‘1’ ஆக நிற்கும்போது கிடைக்கும் உச்ச எண் இதுதான். 2014 டிசம்பரில் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைக் கணக்கு இந்த எல்லையைத் தாண்டியது; இதை எதிர்பார்த்து யூடியூப் 64 பிட்டுக்கு மாறியிருந்தது. (அந்தப் புதிய உச்ச எண் பகா எண் அல்ல, 7-ஆல் வகுபடும்.) 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கு, 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு நம் ஊர் நேரப்படி எண்ணிக்கை தீரும். அதற்குள் அவற்றை மாற்றியாக வேண்டும்.

உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் 8388607 என்ற எண்ணைக் கொடுங்கள். இருபத்து மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. 46-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை மட்டும் முயலச் சொல்லுங்கள். முதல் எண்ணான 47-லேயே விடை கிடைத்துவிடும்.