ராகிக் களியும் பெண் பிள்ளையும்

பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது அட்டப்பாடி. அங்கே இருளர், முடுகர், குறும்பர் வாழ்கிறார்கள். முன்பு மலைச் சரிவில் ராகி, சாமை, தினை, துவரை விளைந்தன. களியும் கீரையும் அன்றாட உணவு. பிறகு நிலம் கைமாறியது. ரேஷன் அரிசியே உணவானது.

2013-இல் அங்கே பல பச்சிளங் குழந்தைகள் இறந்தன. தாய்மாரின் இரத்தசோகையும் சத்துக்குறைவும் முக்கியக் காரணங்கள். 2017-இல் கேரள அரசு அங்கே சிறுதானியப் பயிருக்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

இன்றைய பெண் பிள்ளைதான் நாளைய தாய். வளரும் வயதில் அவளுக்குச் சத்து அதிகம் தேவை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. எலும்பு உறுதியாகும். கீரை, பயறு, நெல்லிக்காயும் கொடுங்கள். இரத்தம் ஊறும். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம். அது இரும்புச்சத்து உடலில் சேராமல் தடுக்கும்.

உங்கள் வீட்டில் வாரம் எத்தனை நாள் ராகி சமைக்கிறீர்கள்?