மக்களாட்சிப் பாடம் – 9: மதகைத் திறக்கச் சொல்வது யார்?

சென்ற வாரம் மாதிரி நாடாளுமன்றத்தைப் பார்த்தோம். பிள்ளைகள் சபாநாயகராகவும் அமைச்சராகவும் நின்று பேசிப் பழகுவது நல்ல பயிற்சி. இந்த வாரம், எந்த வேடமும் போடாமல் நேராக அரசாங்கத்தின் கதவைத் தட்டிய பிள்ளைகளின் கதை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஹைட்ஸ்டவுன் என்று ஓர் ஊர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் அரசாங்கம் பற்றிய பாடம் படித்த மாணவர்கள், தெற்கு மாநிலங்களில் குடிமை உரிமைப் போராட்டக் காலத்தில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டு, துப்புத் துலங்காமலே கிடந்த வழக்குகளை எடுத்துக்கொண்டார்கள். தகவல் உரிமைச் சட்டப்படி கோப்புகளைக் கேட்டார்கள். வந்த தாள்களில் வரிவரியாகக் கறுப்பு மை பூசியிருந்தது. அந்த இடத்தில் ப்ராஜெக்டை முடித்து மதிப்பெண் வாங்கியிருக்கலாம். அவர்களோ கென்னடி கொலை ஆவணங்களை வெளியிடுவதற்காக 1992இல் வந்த சட்டத்தை எடுத்துப் படித்து, அதே அமைப்பில் ஒரு மசோதாவைத் தாங்களே எழுதினார்கள். ஒரு வகுப்பு படிப்பை முடித்துப் போனதும் அடுத்த வகுப்பு வேலையைத் தொடர்ந்தது. வாஷிங்டன் போய் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் ஏறி இறங்கினார்கள். 2018 டிசம்பரில் இரு அவைகளும் அந்த மசோதாவை நிறைவேற்றின. 2019 ஜனவரியில் அதிபர் கையெழுத்திட்டார்.

இன்னொருவர் கிரிகரி வாட்சன். 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1789இல் முன்மொழியப்பட்டு மாநிலங்களின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்த ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்னும் அதற்கு உயிர் இருக்கிறது என்பது அவர் வாதம். கிடைத்தது ‘சி’ கிரேடு. அவரோ மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992இல் அது 27ஆவது திருத்தமாக அரசியலமைப்பில் ஏறியது. 2017இல் பல்கலைக்கழகம் அந்த கிரேடை ‘ஏ’ என்று மாற்றியது.

இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கம்பம் பள்ளத்தாக்குதான் நினைவுக்கு வருகிறது. அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இங்கேயும் சமூக அறிவியல் ப்ராஜெக்ட் என்றால் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, கடையில் வாங்கி ஒட்டும் படத்தாள். நாடாளுமன்றக் கட்டடத்தின் படத்தை ஒட்டும் பிள்ளை, தன் வீட்டு வயலுக்குத் தண்ணீர் யார் உத்தரவில் வருகிறது என்று ஒரு நாளும் விசாரிப்பதில்லை.

அங்கிருந்தே தொடங்கலாம். பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் ஆயக்கட்டு 14,707 ஏக்கர். மழை கைகொடுக்கும் ஆண்டுகளில் முதல் போகத்துக்கு ஜூன் 1ஆம் தேதி தேக்கடியில் மதகு திறக்கும். சுரங்க வழியில் இறங்கும் தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு முல்லையாற்றில் சேர்ந்து வைகைக்குப் போகிறது. வாய்க்கால் கரையில் நிற்கும் மதகு ஊழியரான லஸ்கரிடம் பிள்ளைகள் கேட்கட்டும்: “அண்ணே, ஒங்களுக்குத் திறக்கச் சொல்லி உத்தரவு போடுறது யாரு?” அவர் பொறியாளரைக் கைகாட்டுவார். பொறியாளர் அரசாணையைக் காட்டுவார். இந்தத் தண்ணீரைத் தேக்கும் பெரியாறு அணை நிற்கும் மண் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அணையை இயக்குவது தமிழ்நாடு. இது எப்படி என்று தேடினால் 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதிக் குத்தகைப் பத்திரம் வரும். 999 ஆண்டு, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1970இல் அது முப்பதானது.

அதற்கு மேல்தான் பாடம் சூடு பிடிக்கிறது. பாதுகாப்பு அச்சத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து 136 அடி என்று கட்டிப்போட்டது. நீதிமன்றம் விசாரித்துச் சொன்ன முடிவைச் சட்டமன்றம் ஒரு சட்டத்தால் இல்லாமலாக்க முடியுமா? எட்டு ஆண்டு கழித்து, 2014 மே 7 அன்று, ஐந்து நீதிபதிகள் அமர்வு முடியாது என்றது. அந்த நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. ‘அதிகாரப் பிரிவினை’ என்று பாடநூலில் வரும் தலைப்பை, உத்தமபாளையத்துப் பிள்ளை தன் வீட்டு நாற்றங்காலிலிருந்தே புரிந்துகொள்ள முடியும்.

காவிரி வழக்கு 1990இல் நடுவர் மன்றத்துக்குப் போனது. பெரியாறு வழக்கு ஏன் அரசியலமைப்பின் 131ஆம் பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது என்றும் கேட்கலாம். இது பங்கீட்டுச் சண்டையன்று, அணையின் பாதுகாப்பைப் பற்றிய வழக்கு என்பது விடை. பதினொன்றாம் வகுப்பு அதோடு அமெரிக்காவையும் சேர்த்துப் படிக்கட்டும். கொலராடோ ஆற்றில் பார்க்கர் அணை கட்டுவதைத் தடுக்க 1934இல் அரிசோனா ஆளுநர் தன் மாநிலப் படையையே அனுப்பினார். 1952இல் அரிசோனா கலிபோர்னியா மீது தொடுத்த வழக்கில் 1963இல்தான் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் பக்கத்திலும், இந்த அணைக்காக 2011 டிசம்பரில் எல்லையிலுள்ள குமுளியை நோக்கி நடந்த கூட்டத்தில் போன தாத்தாக்களும் அப்பாக்களும் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதினால் அது முதல்தர ஆவணம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். வண்டிப்பெரியாறில், அணைக்குக் கீழே குடியிருப்பவர்களின் பயத்தையும் இந்தப் பிள்ளைகள் நேர்மையாக எழுத வேண்டும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிற அம்மாக்களின் பிள்ளைகள் இதே வகுப்பில் இருக்கிறார்கள். வயல் நனைவது பெரியாற்றுத் தண்ணீரில், வீட்டுச் செலவு நடப்பது இடுக்கிக் கூலியில். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எழுதும் கட்டுரையில் ஒரு பக்கத்துக் கோஷம் மட்டும் இருந்தால் அது பாதி வேலை.

எழுதி முடித்ததும் அதைப் பள்ளி அலமாரியில் பூட்டிவிடக் கூடாது. பெரியாற்று வழக்கைப் பிள்ளைகளால் தீர்க்க முடியாது. தங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் வாய்க்காலில் அடைப்பு எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே என்று வரைபடம் போட முடியும். அதைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். கை தூக்கும் உரிமை வாக்காளர்களுக்குத்தான். வரைபடத்தைப் பிள்ளை விரித்து விளக்க, அம்மாவோ மாமாவோ எழுந்து அதைத் தீர்மானமாக முன்மொழியலாம்.

அந்தத் தீர்மானம் கூட்டம் முடிந்தபின் எங்கே போகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)