கமக்காரரின் சோறும் நீரிழிவும்

நீரிழிவு நகரத்தாரின் நோய் என்றும், வயலில் உழைப்போரை அது அணுகாது என்றும் கமக்காரர் பலர் எண்ணி வருகின்றனர். எருது பூட்டி உழுது, கையால் நாற்று நட்டு, அரிவாளால் அறுத்துச் சூடு மிதித்த காலத்தில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தியது. இன்று உழவு இயந்திரம் உழுகின்றது. அறுவடை இயந்திரம் ஒரு பொழுதில் அறுத்துத் தூற்றி மூடையிலும் இட்டுவிடுகின்றது. வேலை குறைந்தது, சோற்றின் அளவோ குறையவில்லை. வடக்கு, கிழக்கு நீங்கலான ஏழு மாகாணங்களில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், 20 வயதிற்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக் காணப்பட்டது. கிராமத்தோரை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேர்.

உண்ட சோற்றிலுள்ள மாப்பொருள் குடலில் குளுக்கோசு என்னும் சீனியாக மாறிக் குருதியிற் கலக்கின்றது. சதையி என்னும் சுரப்பி இன்சுலினைச் சுரந்து, இச்சீனியைத் தசைகளுட் புகச் செய்கின்றது. வாய்க்கால் நீரை வயலுக்குப் பாய்ச்சும் மடையின் தொழில் எதுவோ அதுவே இன்சுலினின் தொழில். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்து உழைப்பும் குறைந்தவிடத்து மடை சரிவரத் திறவாது. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சில ஆண்டுகள் ஈடுகொடுத்து, ஈற்றில் சோர்ந்துவிடும். வயலுட் புகாத நீர் வாய்க்காலில் நிரம்பி நின்று கரையை அரிப்பதுபோல, குருதியிலே தங்கிய சீனி கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண்ணிய குருதிக்கலன்களைக் கெடுக்கின்றது. இருதயத்தையும் மூளையையும் ஊட்டும் பெரிய நாடிகளும் தப்புவதில்லை.

இக்கேடு நோவின்றி நிகழ்வதே பேராபத்தாகும். ஐக்கிய இராச்சியத்தில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வெளியான பேராய்வொன்றிலே, புதிதாக நோய் கண்டறியப்பட்டோரிற் பாதிப்பேர்வரை ஏதேனுமோர் உறுப்பில் ஏற்கனவே பழுதுற்றிருந்தமை தெரியவந்தது. அவ்வாய்விலேயே, சீனியை நன்கு கட்டுப்படுத்தியோரிடத்து நுண்கலன்களின் கேடு நாலிலொரு பங்கு குறைந்தது.

இனி, நெல்லைப் பற்றிக் கூறுவாம். நெல்லின் உமியை மட்டும் நீக்கிய அரிசியிலே தவிட்டுத் தோலும் முளையும் எஞ்சியிருக்கும். நார்ப்பொருளும் உயிர்ச்சத்துக்களிற் பெரும்பகுதியும் இவற்றிலேயே உள்ளன. ஆலையில் வெள்ளையாகத் தீட்டும்போது இவை யாவும் தவிட்டுடன் போய்விடுகின்றன. சத்தை மாட்டுக்கும் கோழிக்கும் இட்டு, வெறும் மாப்பொருளை நாம் உண்கின்றோம்! அத்தகைய அரிசி விரைவிற் சமித்துக் குருதியிற் சீனியைச் சடுதியாக உயர்த்தும். சிவப்பரிசியின் நிறமும் தவிட்டுத் தோலிலேயே உள்ளது. மொட்டைக்கறுப்பனாயினும் வேறெந்தச் சிவப்பு நெல்லாயினும், வெளுக்கும்வரை தீட்டினால் அதனை உண்பதற்கும் வெள்ளையரிசியை உண்பதற்கும் வேறுபாடு அதிகமில்லை. ஆதலின் வீட்டுத் தேவைக்கு நெல்லைக் குற்றுவிக்கும்போது, இலேசாகத் தீட்டினாற் போதுமென ஆலைக்காரரிடம் முன்னதாகவே கூறிவிடுக. தவிட்டு எண்ணெய் காலஞ்செல்லச் சிக்கடிக்குமாகையால் இரண்டொரு கிழமைக்குத் தேவையானதையே ஒரு தடவையிற் குற்றுவித்தல் நன்று.

புழுங்கலரிசி பச்சையரிசியிலும் மேலானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்திற் சிறிது அரிசியின் உள்ளே இறங்குகின்றது. மாப்பொருளும் இறுகிச் சற்று மெதுவாகவே சமிக்கின்றது. அரிசியை மாவாக்கி உண்டால் அது பொதுவாக விரைந்து சமிக்கும். குரக்கனைப் பற்றியும் ஒரு சொல்: அதில் நார்ப்பொருளும் கல்சியமும் மிகுதி, ஆயினும் மாப்பொருளின் அளவு அரிசியை ஒத்ததே. குரக்கன் பிட்டு எவ்வளவு உண்டாலும் சீனி ஏறாதென்பது வெறும் பேச்சு.

எந்த அரிசியாயினும் அளவே முதன்மையானது. கோப்பையிற் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்குக. மற்றப் பாதியில் ஒரு பங்கு சோறும், ஒரு பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு போன்ற புரத உணவும் இருத்தல் வேண்டும். கிழங்குக்கறி சோற்றின் கணக்கிற் சேருமேயன்றி மரக்கறியின் கணக்கிற் சேராது. பயிற்றை, வெண்டி, பாகல், புடோல் என்பவற்றைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டிற் சோற்றுக்குச் சொதியும் சம்பலும் மட்டும் வைத்து உண்ணும் தோட்டக்காரர் குடும்பங்கள் உள. விற்பனைக்குப் பிடுங்குமுன் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துவைப்பது நட்டமாகாது. கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும், வேலியோரத்தில் முருங்கையும் செலவின்றி வளரும். பெரும்போக அறுவடையின்பின் வயலில் எஞ்சும் ஈரத்திற் பயறு விதைப்போர், விளைந்ததில் ஒரு மூடையையேனும் வீட்டுக்கென நிறுத்திக்கொள்க.

தேநீரையும் கணக்கெடுத்தல் வேண்டும். தேக்கரண்டி ஒன்றிற் சீனி ஏறக்குறைய 4 கிராம். கோப்பைக்கு மூன்று கரண்டியாக நாளொன்றுக்கு ஐந்து தேநீர் அருந்துபவர் 60 கிராம் சீனி உண்கின்றார். கிழமைக்கு 420 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் விரும்பத்தக்கதெனக் கூறிய எல்லை நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம் மாத்திரமே. பனங்கட்டியும் கித்துள் வெல்லமும் சுவையானவை. எனினும் அவையும் சீனியே.

உணவை மாற்றுவதாற் பயன் உண்டோ என ஐயுறுவோர்க்கு, 2006இல் வெளியான சென்னை ஆய்வொன்றைக் காட்டலாம். நோயின் வாயிலில் நின்றோரை மூன்றாண்டு அவதானித்தபோது, வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடந்தவர்களில் அத்தொகை 39. நோய் முற்றாக விலகிற்று என்பதன்று. ஆயினும் நூற்றுக்கு 16 பேர் அக்காலத்திற் காக்கப்பட்டனர்.

நோயுள்ள கமக்காரர் எல்லாவற்றிலும் மேலாகக் காக்கவேண்டியது காலை. நரம்பு கெட்ட பாதத்தில் முள் தைத்தாலும், சிப்பி வெட்டினாலும் உணர்ச்சி தோன்றாது. சேற்றுநீரில் நாள்முழுதும் நின்றபின் அப்புண் பழுத்து, ஈற்றிற் காலையே துணிக்கவேண்டிய நிலை வருவதுண்டு. ஆதலின் சேற்றில் இறங்கும்போது இறப்பர்ச் சப்பாத்து அணிக. அது எலிக்காய்ச்சலையும் தடுக்கும். அணியுமுன் உள்ளே கல், முள் உண்டோவெனக் கைவிட்டுப் பார்க்க. வெயிலிற் காய்ந்த வரம்பில் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. மாலையிற் கால் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலை ஒருவர் விளக்கு வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். சிறு கொப்புளமாயினும் பச்சிலை வைத்துக் கட்டிக் காத்திராது வைத்தியரிடம் காட்டுக.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் காலையுணவின்றி வயலுக்குப் போதல் கூடாது. சில மருந்துகளால் சீனி அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகும். வெயிலால் வந்த வியர்வையென அதனைத் தவறாகக் கருதுதலும் கூடும். மடியில் சிறிது சீனியோ பனங்கட்டியோ முடிந்துவைத்திருத்தல் இவர்களுக்கு மருந்தேயாகும். பாகற்சாற்றை நம்பி மருந்தை நிறுத்துதல் எவ்வாற்றானும் தகாது.

முப்பத்தைந்து வயது கடந்தோர், சிறப்பாகப் பெற்றோர்க்கு நீரிழிவு உள்ளோர், அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிற் குருதியைச் சோதிப்பித்தல் வேண்டும். இரவு உணவின்பின் எட்டு மணித்தியாலமேனும் நீர் தவிர வேறொன்றும் உட்கொள்ளாது, காலையிற் செல்க. அளவு 100 மில்லிகிராமுக்குக் கீழாயின் நன்று. 126 அல்லது அதற்கு மேலாயின் இன்னொரு நாள் மறுபடியும் சோதித்து நோயை உறுதிசெய்வர். இடைப்பட்ட அளவினர் மேற்கூறிய சென்னை ஆய்விற் பங்குபற்றியோரைப் போன்ற நிலையிலே உள்ளனர்.